மூச்சில் கற்பூர வாசனை

போன மாதம் எங்கள் பழைய குழந்தைகள் வார்டிலிருந்து திவ்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெறுகிற சமயத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண். இப்போது அவளே நாலு பேருக்குச் சொல்லிக்கொடுக்கும் இடத்துக்கு வந்துவிட்டாள். "மேடம், நீங்க வர்ற கொழந்தைங்கள எல்லாம் மோந்து பாப்பீங்கன்னு இங்க ஒரு கதை ஓடிக்கினு இருக்குது. நெசமா?" என்று கேட்டாள். பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது. நான் என்ன நாயா, மோந்து பார்க்க என்று ஒரு அதட்டுப் போட்டுவிட்டு, நிஜம்தான் என்று ஒப்புக்கொண்டேன்.

அவள் கேலிக்குக் கேட்கவில்லை. கொரோனாவுக்குப் பிறகு வார்டில் எல்லோர் மூக்கிலும் முகக்கவசம். புதுப் பெண்களுக்கு ஆஸ்பத்திரி என்றால் டெட்டால் வாசனைகூடத் தெரியாது என்றாள். நீங்கள் பழகிய விதத்தை எழுதித் தாருங்கள், வகுப்பில் படித்துக் காட்டுகிறேன் என்று கேட்டாள். எனக்கு முகக்கவசத்தோடு சண்டை ஒன்றும் இல்லை. அது அப்போதே இருந்திருந்தால் வருஷத்தில் பாதி நாள் இருமிக்கொண்டு வேலை பார்த்திருக்க மாட்டேன். மூக்கைப் பற்றித்தான் கேட்டாள். ஆனால் எழுத உட்கார்ந்ததும் வேறொன்றுதான் நினைவுக்கு வந்தது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன். பிடித்தால் படிக்கட்டும்.

என் ஊர் தென்னேரி. ஏரித் தண்ணீரை நம்பிய குடும்பம். அப்பா பயிர் வைத்தார், அண்ணன்கள் வேறு வேலைகளுக்குப் போனார்கள், நான் நர்சிங் போனேன். படித்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. படுக்கை விரிப்பின் மூலையை மடிக்கத் தெரியவில்லை என்று திட்டு வாங்கினேன், பிறகு மடிக்கக் கற்றுக்கொண்டேன். இரண்டு ஊர் சுற்றிவிட்டுக் காஞ்சிபுரத்துக் குழந்தைகள் வார்டுக்கு வந்தேன். ஓய்வு பெறும் வரை அங்கேயேதான்.

அங்கே எஸ்தர் சிஸ்டர் ஹெட் நர்ஸாக இருந்தார். ஒல்லியான உடம்பு. குரல் உயரவே உயராது. ஓடுவதும் கிடையாது. வலிப்போடு குழந்தை வந்தால் நாங்கள் ஆளுக்கொரு திசையில் ஓடுவோம். அவர் மட்டும் கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி நடந்து வருவார். ஆனால் எங்களுக்கு முன்னால் கட்டில் பக்கத்தில் இருப்பார். நர்ஸ் ஓடினால் தாய்க்குக் கால் நிற்காது, வேகமாக நட என்பார். ஓடுகிறவள் கையில் ஊசிமருந்து பாதி தரையில்தான் போகும் என்பதும் அவர் சொன்னதுதான்.

வலிப்பு வந்த குழந்தையை அவர் வாங்குகிற முறை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. தாயின் கையிலிருந்து பிடுங்க மாட்டார். தாயின் கைக்கு அடியில் தன் கையைக் கொடுத்து, அவளோடு சேர்ந்தே கட்டிலுக்கு வருவார். குழந்தையை இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைப்பார். கழுத்துப் பட்டன், இடுப்புத் துணி எல்லாம் தளர்ந்துவிடும். வாய்க்குள் எதையும் விடக் கூடாது, விரலையும் கரண்டியையும் சேர்த்துத்தான். வழிகிற எச்சிலைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுப்பார், ஆக்சிஜன் வைப்பார், காலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்கச் சொல்வார். அதற்குள் டாக்டர் வந்துவிடுவார், எடைக்குத் தகுந்த மருந்து போகும்.

ஒரு தடவை நெசவாளர் ஒருவர் தறியில் ஊடுநூலை ஓட்டுகிற நாடாவையே எடுத்துக்கொண்டு ஓடி வந்து, அதன் இரும்பு முனையைக் குழந்தையின் உள்ளங்கையில் திணித்தார். வலிப்புக்கு இரும்பு கொடுப்பது நம் வழக்கமாயிற்றே. வழக்கமாகச் சாவிக்கொத்துதான் வரும், இவருக்குக் கையில் கிடைத்தது நாடா. நான் அதைப் பிடுங்கப் போனேன். சிஸ்டர் என் கையைத் தட்டிவிட்டார். கையில் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், வாய்ப் பக்கம் போனால் மட்டும் பார் என்றார். அந்த மனிதர் வலிப்பு நிற்கும் வரை நாடாவைப் பிடித்தபடி அமைதியாக நின்றார், எங்களுக்கும் வேலை நடந்தது.

இந்த வேலைகளுக்கு நடுவே ஒரு நொடி அவர் குனிவார். பார்ப்பவர்களுக்குக் குழந்தையை முத்தமிடப் போகிறார் என்று தோன்றும். மூச்சை முகர்ந்து பார்ப்பார். சர்க்கரை நோய் முற்றிய குழந்தையிடம் அழுகிய பழ வாடை, மண்ணெண்ணெய் குடித்ததிடம் மண்ணெண்ணெய், இரண்டு நாள் எதுவும் உள்ளே போகாததிடம் ஒரு காய்ந்த புளிப்பு. வாயை முகர்ந்த பிறகு உச்சந்தலையையும் முகர்வார். அது எதற்கு என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை.

ஒரு நாள் ஐந்து வயசுப் பெண் குழந்தையைக் கொண்டுவந்தார்கள். வாயில் எச்சில் வழிகிறது, மார்பில் சளி கரகரக்கிறது, கண்ணின் பாவை குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கிப் போயிருக்கிறது. தேள் கடித்திருக்கும் என்றார்கள். எஸ்தர் சிஸ்டர் வாயை முகர்ந்தார், அங்கே வாசனை எதுவும் இல்லை. தலையை முகர்ந்தார். உடனே என்னைக் கூப்பிட்டுச் சோப்பும் தண்ணீரும் கொண்டுவரச் சொன்னார். தலையில் பேன் அதிகம் என்று பயிருக்கு அடிக்கிற பூச்சிமருந்தைத் தேய்த்துவிட்டிருந்தார்கள். டாக்டர் முறிவு மருந்தை ஏற்றிக்கொண்டிருக்க, நாங்கள் தலையைத் திரும்பத் திரும்ப அலசினோம்.

அந்தத் தாய் கடைசி வரை பூச்சிமருந்து என்ற சொல்லையே சொல்லவில்லை. ஏனென்றால் நான் வாசலிலேயே, இது தேள் இல்லை, யார் எதையோ கொடுத்தது என்று சத்தம் போட்டிருந்தேன். குழந்தை தேறிய பிறகு சிஸ்டர் என்னை மருந்து அறைக்குக் கூப்பிட்டார். "யாரு குடுத்தாங்கன்னு கேட்டா வாய மூடிக்குவாங்கமா. என்னா குடுத்தாங்கன்னு கேளு. யாருங்கறத தெரிஞ்சுக்கினு நீ என்னா பண்ணப் போற?" என்றார். அவ்வளவுதான் திட்டு.

எஸ்தர் சிஸ்டர் ஓய்வு பெற்றுப் போய்ப் பல வருஷங்களுக்குப் பிறகு நானே ஹெட் நர்ஸாக இருந்த காலத்தில்தான் தருண் வந்தான்.

முகூர்த்த நாள். ஊரெல்லாம் வேனும் மேளமும். தாமலிலிருந்து ஒரு குடும்பம் பிள்ளைகளுக்கு மொட்டை போட்டுக் காது குத்தக் கோயிலுக்கு வந்திருந்தது. தருணுக்கு இரண்டு வயசு ஆகவில்லை. அவன் அக்கா யாழினிக்கு நாலு. காது குத்தி முடிந்து, மண்டபத்தில் இலை போடப் போகிற நேரத்தில் தருணுக்கு வெட்டி இழுக்க ஆரம்பித்திருக்கிறது. கண் பட்டுவிட்டது என்று அங்கேயே சூடம் கொளுத்தித் தலையைச் சுற்றியிருக்கிறார்கள், நெற்றி நிறைய விபூதி பூசியிருக்கிறார்கள். அதன் பிறகுதான் ஆட்டோ.

அம்மா கோமதி அவனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கூடவே அவள் தம்பி பாபு, அவள் நாத்தனார், வேறு நாலைந்து பேர். மொட்டைத் தலையில் சந்தனம், காதில் புதுத் தோடு, பட்டுச் சட்டை. உடம்பு விறைத்து விறைத்துத் துடிக்கிறது. கோமதியின் கைக்கு அடியில் என் கையைக் கொடுத்து வாங்கினேன். தொட்டுப் பார்த்தால் காய்ச்சல் இல்லை. சர்க்கரையும் சரியாக இருந்தது. டாக்டர் மூக்கில் மருந்தைப் பீய்ச்சினார். வலிப்பு நின்றது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் மறுபடி வந்தது. ஊசி ஏற்றி, அடுத்த மருந்தைக் கொடுத்தோம்.

காய்ச்சல் இல்லாமல், இதற்கு முன் வந்ததும் இல்லாமல், திடீரென்று இப்படி விடாமல் வருவானேன் என்று டாக்டர் யோசித்தார். தலையில் அடிபட்டதா என்று தடவிப் பார்த்தார். மூளைக்காய்ச்சலாக இருக்குமோ என்றும் சொன்னார். நான் எச்சிலை உறிஞ்சக் குனிந்தபோது கற்பூர வாசனை வந்தது.

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள். கோயில் ஊரான காஞ்சிபுரத்தில் எல்லோருக்கும் தெரியும். எந்நேரமும் தெரிந்துகொண்டே இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை. கோயிலிலிருந்து வந்த குழந்தை, சூடம் சுற்றிய குழந்தை, மணக்காமல் என்ன செய்யும்? கூட இருந்த நர்ஸும் அதைத்தான் சொன்னாள். நான் சட்டையைக் கழற்றச் சொன்னேன், தலையை ஈரத்துணியால் துடைக்கச் சொன்னேன். மறுபடி குனிந்து அவன் மூச்சு விடும்வரை காத்திருந்தேன். வாசனை உள்ளேயிருந்து வந்தது.

டாக்டரிடம் சொன்னேன். அவரும் குனிந்து பார்த்துவிட்டுத் தலையசைத்தார். கற்பூரம் குழந்தைகளுக்கு விஷம். ஒரு சின்னக் கட்டி போதும், வயிற்றில் போய்க் கொஞ்ச நேரத்தில் வலிப்பைக் கொண்டுவந்துவிடும். ஒன்று சொல்லிவிடுகிறேன், நான் முகர்ந்ததால் தருண் பிழைத்துவிட்டான் என்று யாரும் நினைக்க வேண்டாம். கற்பூரத்துக்கென்று தனியாக முறிவு மருந்து கிடையாது. வலிப்பை நிறுத்தி, மூச்சுக்குழாயைக் காப்பாற்றிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அதை டாக்டர் ஏற்கனவே செய்துகொண்டுதான் இருந்தார். ஆனால் எனக்கு வேறொரு பயம் வந்தது. கோயிலுக்கு வந்தது இரண்டு குழந்தைகள்.

வெளியே வந்தேன். கற்பூரம் என்ற பேச்சு எனக்கு முன்னாலேயே வெளியே போயிருந்தது. நாத்தனார் தாழ்வாரத்தில் நின்று, யார் கொடுத்தது, எவள் கொடுத்தது என்று ஒவ்வொருவரையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்கக் கேட்க எல்லோரும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். கற்கண்டும் சர்க்கரைப் பொங்கலும் தவிர எதுவும் தரவில்லை என்று சத்தியம் செய்தார்கள். தாய்மாமன் பாபு மட்டும் தள்ளிப் போயிருந்தான். குழாயடியில் நின்று கையைக் கழுவிக்கொண்டே இருந்தான்.

நான் நாத்தனாரை உட்காரச் சொன்னேன். பிறகு எல்லோரையும் பார்த்து, "யாரு குடுத்தாங்கன்னு நான் கேக்கல. எனக்கு அது தேவையும் இல்ல. வேற எந்தக் கொழந்தை வாயிலயாவது போச்சா, அத மட்டும் சொல்லுங்க" என்றேன்.

குழாயை மூடாமலே பாபு திரும்பினான். "பாப்பாவுக்கும் குடுத்தேன் சிஸ்டர். யாழினிக்கு. ரெண்டு பேருக்கும் நான்தான் குடுத்தேன்."

நடந்தது இதுதான். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். குத்தியதும் குழந்தை வீறிடும்; அழுகை அடங்க மாமன் வாயில் கற்கண்டு போடுவான். சீர்த்தட்டில் கற்கண்டும், உடைத்த கட்டிக் கற்பூரமும் பக்கத்துப் பக்கத்துக் கிண்ணத்தில் இருந்திருக்கின்றன. திமிறுகிற குழந்தையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மேளச் சத்தத்தில், பார்க்காமல் மறு கையால் எடுத்துப் போட்டிருக்கிறான். தருண் கத்திக்கொண்டே விழுங்கிவிட்டான். அவனுக்கு வெட்டி இழுக்க ஆரம்பித்தபோது விரலை முகர்ந்து பார்த்திருக்கிறான் பாபு. அப்போதுதான் அவனுக்கே தெரிந்திருக்கிறது.

ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. அவன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறவன். அக்காவுக்குத் தாய் தகப்பன் இல்லை. பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள இவன் ஒருவன்தான், சீர் கொண்டுவந்ததும் இவன்தான். இந்தத் தவறை வைத்து அக்காவைப் புகுந்த வீட்டில் என்னென்ன பேசுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும், நாத்தனாரின் முகமே சொன்னது.

யாழினி மண்டபத்தில் அப்பாவோடு இருந்தாள். போன் அடித்தது, எடுக்கவில்லை. தாமல் திரும்புகிறவர்களுக்காக வேன் நின்றுகொண்டிருக்கிறது, அதில் ஏற்றிவிடுவார்கள் என்று கோமதி உள்ளேயிருந்து கத்தினாள். பாபு, ஆட்டோவின் பின்னால் ஓட்டி வந்திருந்த தன் பைக்கில் கிளம்பினான். அவனிடம் இரண்டே விஷயம் சொன்னேன். வாந்தி எடுக்க வைக்காதே. பாலோ எண்ணெயோ கொடுக்காதே. வாந்தி எடுக்கும்போதே வலிப்பு வந்தால் எல்லாம் நுரையீரலுக்குள் போய்விடும். பாலிலும் எண்ணெயிலும் கற்பூரம் சீக்கிரம் கரைந்து உடம்பில் ஏறும். கையில் கிடைக்கிற நல்ல பொருளையெல்லாம் கொடுத்துப் பார்ப்பதுதான் நம் ஜனங்களின் சுபாவம்.

யாழினி நடந்தே உள்ளே வந்தாள். பட்டுப் பாவாடை, மொட்டைத் தலை, அப்பாவின் விரலைப் பிடித்திருந்தாள். வேனில் ஜன்னலோர இடத்தில் உட்கார்ந்துவிட்டவளைப் பாபு இறக்கிக் கொண்டுவந்திருந்தான். நன்றாகத்தானே இருக்கிறாள், எதற்குக் கட்டிலில் போடுகிறீர்கள் என்று அப்பா கோபப்பட்டார். நான் அவளைத் தூக்கி உட்கார வைத்து, மாமா என்ன கொடுத்தார் என்று கேட்டேன். "கல்கண்டு. காரமா இருந்துது. துப்புனா மாமா திட்டுவாருன்னு தண்ணி குடிச்சு முழுங்கிட்டேன்" என்றாள். குனிந்தேன். அதே வாசனை.

எடை பார்த்தோம். அந்த எடைக்கு மருந்தை எடுத்துத் தட்டில் வைத்தோம். ஊசி ஏற்ற அழுதாள், பிறகு சமாதானமாகிக் கட்டிலின் பக்கக் கம்பியை ஏற்றி இறக்கி விளையாடினாள். அப்பா என்னை முறைத்துக்கொண்டே இருந்தார். எனக்கும் உள்ளூர ஆசை, நான் பயந்தது வீணாகப் போக வேண்டும் என்று. வேலை பார்த்த வருஷங்களில் நான் மிகவும் பயந்தது அந்தச் சும்மா இருந்த நேரத்தில்தான். கம்பியைப் பிடித்த கை அப்படியே நின்றது. கண் ஒரு பக்கமாகச் செருகியது. நான் அவளைச் சாய்ப்பதற்குள் டாக்டர் மருந்தை ஏற்றிவிட்டார். வலிப்பு வந்த சுவடு தெரியாமல் அடங்கியது. அப்பா கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு பிள்ளைகளும் மறுநாள் காலை கண்ணைத் திறந்து இட்லி கேட்டார்கள். டாக்டர் இன்னும் ஒரு நாள் பார்க்கலாம் என்றார். விஷம் என்று வந்தால் காவல் நிலையத்துக்குத் தகவல் போகும், அது நடைமுறை. ஒரு காவலர் வந்து பாபுவிடம் விசாரித்து, தவறுதலாக நடந்தது என்று எழுதிக்கொண்டு போனார். ஆனால் சொந்தக்காரர்கள் அவ்வளவு சுலபத்தில் எழுதி முடிப்பார்களா? பிள்ளைகளைக் கொல்லப் பார்த்தான், இனி இவன் வீட்டுப் படி ஏறக் கூடாது என்று நாத்தனார் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். அப்பா அதை மறுக்கவில்லை. பாபு வார்டுக்குள் வரவே இல்லை. தாழ்வாரத்து பெஞ்சிலேயே கிடந்தான்.

பிள்ளைகளின் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டேன். உங்கள் மைத்துனர் வாயைத் திறந்திருக்காவிட்டால் உங்கள் பெண் இந்நேரம் வேனில் இருந்திருப்பாள், வழியில் இழுத்திருக்கும், என்னவென்று யாருக்கும் தெரிந்திருக்காது என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டார். கேட்டு முடித்ததும் உள்ளே போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது. நர்ஸுக்குக் குடும்பப் பஞ்சாயத்து எதற்கு என்று என்னை நானே திட்டிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனேன்.

திவ்யா, நீ கேட்ட மூக்குச் சமாசாரம் இவ்வளவுதான். முகக்கவசத்தை ஒரு நொடி இறக்கினால் யாருக்கும் வந்துவிடும். அதற்கு என்னைத் தேட வேண்டாம். ஆனால் தாழ்வாரத்தில் நிற்கிற பத்துப் பேரில் ஒருவனுக்கு விஷயம் தெரிந்திருக்கும், அவனுக்குத்தான் அங்கே எல்லோரையும்விடப் பயம் அதிகமாக இருக்கும். அவனைப் பேச வைக்க எந்த மெஷினும் வரவில்லை. நீங்கள் அவசரத்தில் கேட்கிற முதல் கேள்வியிலேயே அவன் பேசுவதும் பேசாததும் இருக்கிறது. நான் கெட்டிக்காரி என்று இதைச் சொல்லவில்லை. எனக்கு ஒருவர் சொல்லிக்கொடுத்தார், நான் உனக்குச் சொல்கிறேன்.

பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புகிற அன்று காலை நான் டூட்டியில் இருந்தேன். கோமதி தட்டில் இட்லியைப் பிட்டுச் சர்க்கரை தொட்டு வைத்திருந்தாள். நாத்தனார் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள், அப்பா ஜன்னல் பக்கம் நின்றார். கோமதி வாசலுக்குப் போய்த் தம்பியைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். யாரிடமும் கேட்கவில்லை. அவனைக் கட்டிலில் உட்கார வைத்து, தருணைத் தூக்கி மடியில் போட்டாள், யாழினியைப் பக்கத்தில் உட்கார்த்தினாள். தட்டை அவன் கையில் கொடுத்தாள்.

பாபு இட்லியில் கை வைக்கவில்லை. தட்டைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தான். "நீ குடுக்கா. எனக்கு பயமா இருக்குது" என்றான்.

"எனக்கு பயமில்ல. நீ குடு" என்றாள் கோமதி. பக்கத்துக் கட்டில்காரர்களுக்கும் கேட்கிற குரலில்தான் சொன்னாள்.

நாத்தனார் பையைக் கட்டுவதை நிறுத்திவிட்டுத் தன் அண்ணனைப் பார்த்தாள். அவர் ஜன்னலைவிட்டு நகர்ந்து வந்தார். என்ன சொல்லப் போகிறாரோ என்று நான் மருந்துத் தட்டோடு நின்றுவிட்டேன். அவர் தண்ணீர் டம்ளரை எடுத்து மைத்துனனின் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்துவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். பாபு இன்னமும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். மடியில் இருந்த தருணுக்குப் பசி. மாமன் கையைப் பிடித்துத் தட்டுக்குள் தள்ளிவிட்டு, வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தான்.